வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள்

நவம்பர் 9, ஞாயிறு

ஜெசிந்தா டீச்சர் இந்த நோட்டைக் கையில் கொடுத்து, நந்து என்ன கேள்வி கேட்கிறாள், எத்தனை முறை கேட்கிறாள் என்று தேதி போட்டு எழுதிவரச் சொன்னார். நந்துவின் சிறப்புப் பள்ளியில் ஆறு வருடமாக அவளுக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான். அவர் சொன்னால் எதிர்த்துப் பேச எனக்கு வராது.

இன்றைய கணக்கு:
இன்னிக்கு என்ன சாப்பாடு – 14
கரண்ட் எப்ப போகும் – 11
அப்பா எப்ப வருவாங்க – 22

என் மகள் நந்துவுக்குப் பதினேழு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது அவளுக்குப் பிடிவாதம் இல்லை. ஒரே பதில் ஒவ்வொரு முறையும் மாறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

நான் வேலை செய்வது ஈரோட்டில் ஒரு இண்டர்நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை "ரௌட்டரை ஒருக்கா அணைச்சுப் போடுங்க" என்று எழுபது பேருக்காவது சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் இந்த 47. இதற்கும் சேர்த்து ஒரு பதவி உயர்வு கொடுத்தால் தேவலை.

நவம்பர் 11, செவ்வாய்

நந்துவுக்குப் பேசுவதைவிட டைப் அடிப்பது சுலபம். அதற்காகவே அவள் அப்பா இரண்டு வருடத்துக்கு முன்பு மஸ்கட்டில் இருந்தபடியே எங்களுக்கென்று ஒரு சாட் சர்வர் தொடங்கினார். உறுப்பினர்கள் மூன்று பேர். நந்து, நான், அவர். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்பதால் காலை எட்டு மணிக்கு அதில் வந்து பேசுவார். செப்டம்பரிலிருந்து வரவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்த இடத்தில் சாம்பல் புள்ளி இருக்கிறது. வேலை அதிகம் போலிருக்கிறது.

ஆபீஸில் மத்தியானம் ஒரு வீடியோ பார்த்தேன். இந்த மாதிரி சர்வரில் 'பாட்' என்கிற தானியங்கி புரோகிராம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், நாம் சொல்லிவைத்த வார்த்தையை யாராவது டைப் அடித்ததும் நாம் எழுதிவைத்த பதிலை அதுவே போடுமாம். ராத்திரி பகல் பார்க்காது. அலுத்துக்கொள்ளாது. "இப்பத்தானே சொன்னேன்" என்று கத்தாது.

சேர்த்துவிட்டேன். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நந்துவிடம் கேட்டேன். "வாட்ச்மேன்" என்றாள்.

நவம்பர் 12, புதன்

அப்படி டைப் அடிக்கும் வார்த்தைக்குக் கட்டளை என்று பெயர். அதை உருவாக்குவது, பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. வாட்ச்மேனின் வலைப்பக்கத்தில் இரண்டு கட்டங்கள். மேல் கட்டத்தில் ஆச்சரியக்குறி போட்டுக் கட்டளையின் பெயர். கீழ்க் கட்டத்தில் பதில். பிறகு சேமி என்ற பொத்தான்.

!சாப்பாடு – இன்று மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம். இரவு தோசை.
!கரண்ட் – இந்த மாதம் 20ஆம் தேதி, காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது.

சாப்பாட்டை மட்டும் தினமும் காலையில் மாற்ற வேண்டும். அதாவது, காலை ஆறு மணிக்கே இரவு என்ன சமைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். யாருக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

வாய்விட்டுக் கேட்ட கேள்விகள்: 6. நாற்பத்தேழிலிருந்து ஆறு. டீச்சருக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன்.

இன்று !அப்பா செய்தேன். இதில் வெறும் வாக்கியம் போதாது. ஒரு தேதியைக் கொடுத்துவிட்டால் வாட்ச்மேனே தினமும் கழித்து எத்தனை நாள் என்று சொல்லும்படி ஒரு வசதி இருக்கிறது. நந்துவுக்கு எண்கள் இறங்குவது பிடிக்கும். லிஃப்டில் போனால் கீழே வரும்போது மட்டும் சிரிப்பாள்.

அவர் ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இருபத்தொரு நாள் இருப்பார். இந்த வருடம் எந்தத் தேதி என்று கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. ஜனவரி 13 என்று நானே போட்டுவிட்டேன்.

!அப்பா – அப்பா வர இன்னும் 59 நாள்.

நந்து மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் 59. நன்றாகத் தூங்கினாள். நானும் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தேன், சரியாக வேலை செய்கிறதா என்று.

நவம்பர் 20, வியாழன்

கரண்ட் இல்லாத நாள். வாட்ச்மேன் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ரகளை எதுவும் இல்லை. ஆனால் வேறொரு விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கட்டளைக்குப் பல பதில்கள் எழுதிவைத்தால் அவற்றில் ஏதாவது ஒன்றை மாற்றி மாற்றிப் போடும் வசதியும் உண்டு. ஒரே பதில் எத்தனை நாள் சலிக்காமல் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு !சாப்பாடுக்கு மூன்று பதில் எழுதினேன். "இன்று கொள்ளு ரசம்." "சுடச்சுடச் சந்தகை காத்திருக்கிறது!" "பசிக்கிறதா? கொஞ்சம் பொறு, தங்கம்." கொள்ளு ரசமும் சந்தகையும் இரண்டுமே இருந்தன, பொய் இல்லை.

மாலை நான் வீடு திரும்பும்போது நந்து அறையின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். போனில் !சாப்பாடு என்று நாற்பத்தோரு முறை போயிருந்தது.

"மூணு வருது" என்றாள். "எது நெசம்?"

"மூணுமே நெசந்தான் கண்ணு."

"ஒரு கேள்விக்கு ஒண்ணுதான் நெசம்."

மற்ற இரண்டையும் அழித்தேன். சலிப்பு எனக்குத்தான் இருந்திருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

அவர் போன் செய்தார். சர்வரில் இல்லை, என் நம்பருக்கு. நான் இரவு ரசத்துக்குப் புளி ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.

"ராணி, நந்து பக்கத்துல இருக்குதா?"

"குளிக்கறா. சொல்லுங்க."

"இந்தப் பொங்கலுக்கு நான் வரல."

"லீவு கெடைக்கலீங்களா?"

"லீவெல்லாம் இருக்குது." பின்னால் ஒரு குழந்தை அழுதது. "இங்கயே ஒரு குடும்பம்னு ஆயிப்போச்சு ராணி. மூணு வருசமாச்சு. இனிமேலு அங்க வந்து வந்து போறது சரிப்படாது. நந்துக்கு நீயே பக்குவமாச் சொல்லிப்போடு. உனக்குத்தான் அவகிட்டப் பேசத் தெரியும்."

"சரிங்க" என்றேன்.

ஏழு நிமிடம் பேசியிருக்கிறோம். மீதி என்ன பேசினோம் என்று நினைவில்லை. ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன். நந்து அதை அப்படியே சாப்பிட்டாள்.

மூன்று வருடம் என்றால் அதில் மூன்று பொங்கல் இருக்கிறது. மூன்று முறையும் வந்து கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 29, சனி

துணி துவைத்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். வாட்ச்மேன் 45 என்றது.

டிசம்பர் 3, புதன்

இன்று நடந்ததை டீச்சரிடம் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ஜனவரி 13 என்பதை ஏப்ரல் 13 என்று மாற்றினேன். சித்திரைக்குள் நந்துவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம் என்று எண்ணம். காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சேமித்தேன். அவள் கவனிக்கமாட்டாள் என்று நினைத்தேன். பதினேழு வருடம் வளர்த்தவள் நினைக்கக்கூடிய நினைப்பா இது?

நேற்று 42. இன்று 41 இருக்க வேண்டிய இடத்தில் 131.

பள்ளியிலிருந்து பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். போனேன். நந்து மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நாள் ஏறாது. நாள் எறங்கும். நாள் ஏறாது. நாள் எறங்கும்." இடது கையைக் கடித்திருந்தாள். ரத்தம் இல்லை, பல் தடம் மட்டும்.

"வாட்ச்மேனுக்குக் கோளாறு கண்ணு" என்றேன். "அம்மா சரிபண்ணிப் போடறேன்."

அவள் கண் முன்னாலேயே தேதியைப் பழையபடி மாற்றினேன். 41 வந்தது. எழுந்து வந்து மதியச் சாப்பாட்டை முடித்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

40.

டிசம்பர் 13, சனி

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். டீ வேண்டாம் என்றார். பத்து நாளாகப் பூசி மெழுகியதை அவரிடம் செய்ய முடியவில்லை. போன் வந்ததைச் சொன்னேன்.

"ராணி, நான் ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்த நாள் வந்து, ஜீரோன்னு காட்டி, யாரும் வரலேன்னா என்ன ஆகும்?"

"அழுவா."

"அழுதா பரவால்ல. அவளுக்கு இந்த உலகத்துல பிடிமானம்னு இருக்கறதே சொன்ன பதில் மாறாதுங்கறதுதான். அது பொய்யாப் போச்சுன்னா, அப்பறம் நீங்க சாப்பாடுன்னாலும் நம்ப மாட்டா, ஸ்கூல்னாலும் நம்ப மாட்டா. ஆறு வருசம் பாடுபட்டதெல்லாம் போயிரும். 13க்கு முன்னாடி சொல்லிடுங்க. நேராச் சொல்லுங்க, சுத்தி வளைக்காதீங்க."

சொல்கிறேன் என்றேன். இன்னொன்றும் சொன்னார். கட்டளைகளை நான் மட்டுமே எழுதாமல் நந்துவையும் எழுதவிட வேண்டுமாம். அவளும் நமக்கு ஏதாவது சொல்ல நினைக்கலாம் இல்லையா என்று கேட்டார். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

அவருக்கு முன்னாலேயே நந்துவுக்கு அனுமதி கொடுத்தேன். அந்த வலைப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒன்றுவிடாமல் படித்தாள். நான் படித்தது வீடியோவில் காட்டிய இரண்டு கட்டங்களைத்தான்.

டிசம்பர் 17, புதன்

நந்து செய்த கட்டளைகள்:

!சத்தம் – மிக்ஸி போடும்போது முன்னாடியே சொல்லு.
!குளியல் – நந்து குளிச்சாச்சு. கேக்க வேண்டாம்.
!தொடாதே – தலையில கை வைக்காதே. தோள்ல வைக்கலாம்.

கடைசியைப் படித்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் சும்மா நின்றேன். பதினேழு வருடமாகத் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஒரு நல்ல விஷயம். ஒரு வாரமாக நந்து அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. வாயாலும் இல்லை, வாட்ச்மேனிடமும் இல்லை. நோட்டில் பூஜ்யம் எழுதுவது சுகமாக இருக்கிறது. மறந்துகொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. பக்குவமாகச் சொல்ல இதுதான் சமயம். இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 24, புதன்

சொல்லவில்லை. ஆபீஸில் கேபிள் அறுந்து ஊரே திட்டித் தீர்த்தது.

டிசம்பர் 27, சனி

வலைப்பக்கத்தில் !கரண்ட் தேதியை மாற்றப் போனபோது, "பயன்பாடு" என்று ஒரு பகுதி இருப்பதைக் கவனித்தேன். யார் எந்தக் கட்டளையை எத்தனை முறை போட்டார்கள் என்ற பட்டியல்.

!அப்பா: நந்து 31. செல்வராணி 118.

செல்வராணி நான்தான். தொடக்கத்தில் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. டிசம்பர் 3க்குப் பிறகு இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஆபீஸில் ஒரு புகாருக்கும் அடுத்த புகாருக்கும் நடுவில் கை சும்மாதானே இருக்கிறது.

இன்றும் பார்த்தேன். "ஜனவரி 13க்கு இன்னும் 17 நாள்" என்று வந்தது. முன்பு "அப்பா வர" என்று தொடங்கியதாக ஞாபகம். மாற்றி மாற்றிச் சேமித்ததில் எப்போதோ அழித்திருப்பேன். எண் சரியாகத்தான் இறங்குகிறது.

ஜனவரி 1, வியாழன்

12. கேசரி செய்தேன். நந்து முந்திரியை மட்டும் தின்றாள்.

ஜனவரி 6, செவ்வாய்

டீச்சர் போனில்: "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிப்போடறேனுங்க டீச்சர். அவ இப்பக் கேக்கறதே இல்லீங்க. கேக்காதவகிட்டப் போயி எப்படிங்க..."

"ராணி, இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு. நான் வந்து சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் மேல் இல்லை. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு "பக்குவமாச் சொல்லிப்போடு" என்று என் தலையில் கட்டிய மனுஷன் மேல் வந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாகி இப்போதுதான் வருகிறது. நானே தாமதம், என் கோபமும் தாமதம்.

சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அன்று கட்டளையின் பதிலை மாற்றிவிட்டு, நந்துவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்கச் சொல்லுவேன். வாயால் சொல்ல எனக்கு வராது. வாட்ச்மேன் சொல்லட்டும்.

ஜனவரி 8, வியாழன்

5.

ஜனவரி 10, சனி

காலை பத்து மணிக்கு வலைப்பக்கத்தைத் திறந்தேன். எழுத வேண்டிய வாக்கியத்தை நேற்றே ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். பதினோரு வார்த்தைகள். !அப்பா மேல் அழுத்தினேன்.

அங்கே ஒரு பதில் இல்லை, இரண்டு இருந்தன. யார் கேட்டால் என்ன பதில் என்று ஆளுக்குத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் வசதியும் அதில் உண்டாம். எனக்குத் தெரியாது.

செல்வராணி கேட்டால் – ஜனவரி 13க்கு இன்னும் இத்தனை நாள்.
மற்றவர் கேட்டால் – அப்பா வரமாட்டாங்க. அப்பாவே சொன்னாங்க.

கீழே சின்ன எழுத்தில்: மாற்றியவர் நந்து. டிசம்பர் 14.

நந்து சாப்பாட்டு மேசையில் வண்ணப் பென்சில்களை உயரப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"நந்து, அப்பா வரமாட்டாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அப்பா."

"எப்ப?"

"டிசம்பர் 14. 42 வந்துச்சு, 131 வந்துச்சு, அப்பறம் 41 வந்துச்சு. எது நெசம்னு வாட்ச்மேனுக்குத் தெரியாது. அப்பாவுக்குத்தான் தெரியும். அப்பாவுக்குத் தனியா மெசேஜ் போட்டேன்." போனை எடுத்துக் காட்டினாள்.

நந்து: அப்பா ஜனவரி 13 வருவீங்களா.
அவர்: அம்மா ஒன்னும் சொல்லலியா?
நந்து: ஜனவரி 13 வருவீங்களா.
அவர்: இல்லடா கண்ணு. இனிமே வரமாட்டேன்.
நந்து: சரி.

அவ்வளவுதான். நாற்பத்து மூன்று நாள் என்னால் வாயைத் திறக்க முடியாத விஷயத்தை, கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டு ஐந்து வரியில் முடித்துவிட்டாள். அவளே அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடுவாள் என்று எனக்கோ டீச்சருக்கோ அவருக்கோ தோன்றவே இல்லை.

"உனக்கு வருத்தமா இல்லியா?"

"இருந்துச்சு. ஸ்கூல்ல ஊஞ்சல்ல உக்காந்தேன். நாலு நாள்."

"எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

"நீ எங்கிட்டக் கேக்கல" என்றாள். "வாட்ச்மேன்கிட்டத்தான் கேட்ட. நூறு தடவைக்கு மேல கேட்ட."

அவள் ஒரு பச்சைப் பென்சிலை எடுத்து இரண்டு இடம் தள்ளி வைத்தாள்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் வேற பதில் வெச்ச?"

"நாள் ஏறுனா எனக்குக் காது வலிக்கும். நாள் நின்னா உனக்கு வலிக்கும். அதனால எறங்க விட்டேன். பொய் எழுதல. 'அப்பா வர'ங்கறத அழிச்சிட்டேன். 13க்கு 3 நாள் இருக்கறது நெசம்."

"13க்கு அப்பறம்?"

"ஜீரோ வரும். அப்பறம் நீயே எங்கிட்டக் கேப்ப."

பென்சில் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் அவளைப் பக்குவமாகப் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்த அத்தனை நாளும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைக்க நினைக்க வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

"நந்து, எனக்கும் உன் பதிலையே வெச்சிரு" என்றேன்.

"இப்பவா?"

"இப்பவே."

போனை எடுத்தாள். நான்கு முறை அழுத்தியிருப்பாள். "கேளு" என்றாள்.

என் போனில் !அப்பா என்று டைப் அடித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

அப்பா வரமாட்டாங்க. அப்பாவே சொன்னாங்க.

நவம்பர் 28ஆம் தேதி காதால் கேட்டதுதான். ஆனால் இப்போதுதான் எனக்கு யாரோ சொன்னதுபோல் இருந்தது. இருபது வருடம் குடும்பம் நடத்திய மனுஷன் போய்விட்டார். இந்த வாசலில் இனி பெட்டியோடு வந்து நிற்கமாட்டார். மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நந்து என் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாகப் பார்க்கமாட்டாள்.

"அழப்போறியா?"

"ஆமா கண்ணு."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலியே."

"தெரியலைன்னு சொல்லக் கூடாது. நேரம் சொல்லு."

"அரை மணி."

சரி என்று தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில், கடிகாரம் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டாள். என் தோளில் கை வைத்தாள். நான் அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக, கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதேன். பத்தே முக்காலுக்கு "பதினஞ்சு நிமிஷம் இருக்கு" என்றாள். பதினொன்றுக்கு "முடிஞ்சுது" என்றாள்.

முடியவில்லை. இன்னும் கால் மணி நேரம் கேட்டேன். கொடுத்தாள்.